விழுந்து விழுந்து சிரிப்பவர்

சலூன்காரருக்குத் தெரு வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. வைத்தவர்கள் மேல் தப்பில்லை. முடிவெட்டும் கடை என்றால் வம்பும் கிண்டலும் ஓடாமல் இருக்குமா? நாற்காலியில் உட்கார்ந்தவர் ஒரு ஜோக் அடித்தால் கடையே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். இவர் மட்டும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி பல்வலிக்காரர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். நிஜமாகவே அப்போது பல்வலியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார். சிரிப்பை அடக்க அவர் கண்டுபிடித்த மருந்து அது.

விழுந்து விழுந்து சிரித்தான் என்று நாமெல்லாம் சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்கிறோம். அவருக்கு அது அப்படியே நடக்கும். சிரிப்பு வந்த மாத்திரத்தில் முழங்கால் விட்டுப்போகும், தாடை தொங்கும், உடம்பு துணிமூட்டையாகச் சரியும். ஒரு நிமிஷம் போல அப்படியே கிடப்பார். நினைவு மட்டும் தப்பாது. சுற்றி யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் காதில் விழும். இது போதாதென்று, கேட்காமலே வருகிற பகல் தூக்கம் வேறு. முடிவெட்ட வந்தவர் நின்றுகொண்டிருக்க, அவருக்கான நாற்காலியில் கடைக்காரர் உறங்கிக்கொண்டிருப்பது அந்தத் தெருவுக்குப் பழகிய காட்சி. நரம்பு டாக்டரம்மா ஒருவர் பார்த்து, இதற்கு நார்கோலெப்ஸி என்று பெயர், இது மூளையில் உள்ள கோளாறு என்று சொல்லும்வரை, தனக்குச் சோம்பேறித்தனம் என்றே அவரும் நம்பியிருந்தார். அந்த அம்மா நன்றாக இருக்க வேண்டும் என்று அதன் பிறகு அவர் நினைக்காத நாள் இல்லை.

ஆனால் மனைவி விஷயத்தில் மருந்து எதுவும் உதவவில்லை. அவள் துணிக்கடையில் பில் போடுகிறவள், பயங்கர வாயாடி. கல்யாணமான புதிதில், தன் முதலாளி நடப்பதையும் கனைப்பதையும் அவள் நடித்துக் காட்டினால் இவர் சுவரைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் பிடிக்கச் சுவர் கிடைக்கவில்லை. வாசற்படியில் மண்டை மோதி, ரத்தம் கொட்டி, தையல் போட வேண்டியதாயிற்று. அன்றைக்குப் பூட்டிய வாயை அவள் பிறகு திறக்கவே இல்லை. வீட்டில் ரேடியோ செய்தி வாசிப்பது போலப் பேசினாள். சோறு வெந்துவிட்டது, மழை வரும் போலிருக்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டில் போய் அவள் எல்லோரையும் சிரிக்க வைப்பது சுவர் வழியாகக் கேட்கும். இவர் இந்தப் பக்கம் அசையாமல் நின்றுகொண்டிருப்பார்.

அதனால்தான், நோயாளிகள் சங்கமும் டாக்டர்களும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டபோது அவர் கடையை மூடிவிட்டு மனைவியோடு போனார். இந்த நோயில் எதை முதலில் ஆராய வேண்டும் என்று நோயாளிகளும் குடும்பத்தாரும் கேள்விகள் எழுதித் தர வேண்டும். அதில் பத்தை மட்டும் எல்லோருமாகப் பேசித் தேர்ந்தெடுப்பார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டுவதும் அந்தப் பத்துக்குத்தான். அவர் எழுதிய கேள்வி, ‘விழாமல் சிரிக்க வழி உண்டா?’

டாக்டரம்மா அட்டைகளைப் பலகையில் ஒவ்வொன்றாகக் குத்திக்கொண்டு வந்தார். பத்தாவது இடத்துக்கு இரண்டு அட்டைகள் மிஞ்சின. ஒன்று இவருடையது. மற்றதை எழுதியவர், கல்லூரியில் படிக்கும் மகளோடு வந்திருந்த ஓர் அம்மா.

“தப்பா எடுத்துக்காதீங்கண்ணா,” என்றார் அவர். “என் பொண்ணு பரீட்சை எழுதுறப்பவே தூங்கிடுறா. சிரிக்காமகூட இருந்துடலாம். படிப்பு போனா என்ன பண்றது?”

இவருக்கு அது நியாயமாகவே பட்டது. “சரிதாம்மா. என்னோடத எடுத்துடுங்க டாக்டர்,” என்றார். சொல்லிவிட்டு மனைவியின் பக்கம் திரும்பவில்லை. அவளும் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

அடுத்து பணப் பேச்சு. உதவ முன்வந்திருந்த பிஸ்கட் கம்பெனி முதலாளி, அப்போதுதான் வந்து உட்கார்ந்தவர், எழுந்தார். தங்கமான மனிதர். தூங்கி வழிகிற நோய் என்பதற்கு மேல் அவருக்கு விவரம் தெரியாது.

“என்னால ஆனதை நான் தர்றேன். மிச்சத்துக்கு ஒரு யோசனை சொல்றேன். நல்ல காமெடி ஷோ ஒண்ணு வெப்போம். நீங்க எல்லாரும் குடும்பத்தோட முன்வரிசையில உக்காருங்க. டிக்கெட் பிச்சுக்கிட்டுப் போகும்.”

நோயாளிகள் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள். அவரவருக்கு அவரவர் பல்வலி. எப்படியோ தப்பித்துவிடுவார்கள் போலத்தான் இருந்தது.

“வெக்கலாம் சார்,” என்றாள் சலூன்காரர் மனைவி. “ஆனா முன்வரிசைக்கு நாற்காலி வேண்டாம். பாய் போட்டுடுங்க.”

அவ்வளவுதான். வலது பக்கம் நாலு பேர், இடது பக்கம் ஆறு பேர், பின்னால் சங்கத் தலைவர் என்று ஆளாளுக்குச் சரிந்தார்கள். கூட வந்தவர்கள் அலறவில்லை. நாற்காலியை நகர்த்தி, தலையைத் தாங்கி, தாங்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். முதலாளிக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது.

சலூன்காரர் தரையில் கிடந்தார். தலை மனைவியின் மடியில் இருந்தது. “மன்னிச்சிடுங்க, வாய் தவறிடுச்சு,” என்று அவள் குனிந்து சொன்னது கேட்டது. இன்னொன்று சொல்லேன் என்று கெஞ்ச வேண்டும் போல இருந்தது அவருக்கு. நாக்கு அசையவில்லை. கண்ணில் மட்டும் நீர் வழிந்தது.

“இவருக்குக் காது கேக்குமாம்மா?” இது முதலாளி.

“எல்லாம் கேக்கும் சார்.” டாக்டரம்மா எடுத்துவைத்த அட்டையை முதலாளியிடம் காட்டி விவரம் சொன்னார்.

“அண்ணே, விவரம் தெரியாம பேசிட்டேன். என் பணம் முதல்ல உங்க கேள்விக்குத்தான்.”

“அதைப் பணம் முடிவு பண்ணக்கூடாது சார்,” என்றார் டாக்டரம்மா. “இவங்கதான் கை தூக்கணும்.”

விழுந்தவர்களுக்குக் கை அசையட்டும் என்று காத்திருந்தார்கள். முதலில் உயர்ந்தது அந்த அம்மாவின் கை. இன்னொரு கையால் மகளை அணைத்துப் பிடித்திருந்தார்.

“இவ சிரிச்சு நான் பாத்தே எவ்வளவோ நாளாச்சு டாக்டர்,” என்றார். “அண்ணாவோடதை வைங்க. என்னோடது அடுத்த தடவை வரட்டும்.”

இரண்டையும் ஒரே இடத்தில் சேர்த்துக் குத்தினார் டாக்டரம்மா. பத்து என்பது பதினொன்றானதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பதில் கிடைக்க வருஷக்கணக்காகும் என்று அவர் சொன்னபோதும் யாரும் முகம் சுளிக்கவில்லை. வழியெல்லாம் சலூன்காரர் ஒவ்வொருவரையும் நினைத்து நினைத்து நெகிழ்ந்துகொண்டே வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கதவைச் சாத்தினாள்.

“வந்து கட்டில்ல படுங்க.”

“எனக்குத் தூக்கம் வரலையே.”

“தூங்கறதுக்கு இல்ல. எங்க முதலாளி புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்த கதையைச் சொல்லணும். பாதியில சாஞ்சாலும் பரவாயில்ல, எந்திரிச்சதும் மிச்சத்தைச் சொல்றேன்.” தலையணையைத் தட்டிப் போட்டாள். “நிறைய சேத்து வெச்சிருக்கேன்.”

அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.