இரண்டு அரை டிக்கெட்

பஸ் சேலத்தை விட்டுப் புறப்பட்டபோது நான் ஏழாம் வகுப்பில் முதல் மாணவன். ஏற்காட்டில் பெயர்பெற்ற காப்பி எஸ்டேட் ஒன்றில் கணக்கெழுதும் ரைட்டருக்கு மூத்த மகன். பேச்சுப் போட்டியில் பெற்ற வெள்ளிக் கோப்பை என் மடியில் இருந்தது. முன் இருக்கையில் எங்கள் தலைமையாசிரியர் அமர்ந்திருந்தார். இத்தகைய நிலையில் உள்ளவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

போட்டியைப் பார்க்க ஆசைப்பட்டு அப்பாவோடு வந்திருந்த ஆறு வயதுத் தம்பிக்கு என் அருகில் இடம் கிடைக்கவில்லை. நான்கு வரிசை தள்ளி உட்கார்ந்தான். அப்பாவுக்குச் சேலத்தில் வேலை முடியவில்லை. எங்கள் இருவருக்கும் அரை டிக்கெட் வாங்கி என் சட்டைப் பையில் வைத்தார். "தம்பியப் பாத்துக்க கண்ணு" என்று சொல்லி இறங்கிவிட்டார். அந்த நெரிசலில் கண்டக்டர் எங்கள் முகங்களைக் கவனித்திருக்க மாட்டார்.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் தம்பி வாந்தி எடுத்தான். பக்கத்தில் நின்றிருந்தவரின் வேட்டி பாழாயிற்று.

"ஏனுங்க, ஆரூட்டுப் பையனுங்க இது? கூட வந்தவங்க ஆரு?" என்று கண்டக்டர் உரக்கக் கேட்டார்.

பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்தது. மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு தலைமையாசிரியரும் திரும்பினார். தம்பியை அவருக்குத் தெரியாது. நான் கோப்பையில் பொறித்திருந்த எழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தேன்.

தம்பி என்னை ஒரே ஒருமுறை பார்த்தான். பிறகு கண்டக்டரிடம், "ஆருமில்லீங்க" என்றான்.

"டிக்கெட்டு?"

"உழுந்துருச்சுங்க."

"நல்ல ஆளுடா நீ! உள்ள போனதயெல்லாம் பத்திரமா வெளிய எடுத்துக் குடுக்கற, டிக்கெட்ட மட்டும் தொலச்சுட்டியா? அடுத்த வளைவுல எறங்கிக்க."

பஸ் சிரித்தது. நானும் சிரித்ததாகவே நினைவு.

பலாப்பழம் விற்றுவிட்டு வெறுங்கூடையுடன் மஞ்சக்குட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பெண்தான் குறுக்கிட்டார். "இத்தினியூண்டு உசுரு, எறங்கிப் போயி எந்த மரத்துலைங்க குடியிருக்கும்? நீ வா சாமி" என்று தம்பியை இழுத்து மடியில் போட்டு, சேலைத் தலைப்பால் அவன் வாயைத் துடைத்துவிட்டார். கண்டக்டர் முணுமுணுத்தபடி நகர்ந்தார். மலை ஏறி முடியும் வரை தம்பி அந்த மடியிலேயே கிடந்தான்.

வீட்டில் அம்மா விசாரித்தபோது அவனே முந்திக்கொண்டான்: "அண்ணன் மடியிலயே படுத்துட்டு வந்தேன்." அம்மா மகிழ்ந்துபோய் என் தலையைத் தடவினாள். நான் கோப்பையை அவளிடம் நீட்டினேன்.

தம்பி இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கல்லூரி முதல்வராக ஓய்வு பெற்ற நான், சென்ற மாதம் டொரன்டோவில் இருக்கும் பழைய நண்பரையும் அவர் மனைவியையும் பார்க்கப் போயிருந்தேன். இருவரும் ஏற்காட்டில் எங்களோடு வளர்ந்தவர்கள். சாப்பாட்டு மேசையில் நண்பரின் மனைவி தம்பியைப் பற்றிப் பேச்செடுத்தார்.

"மாசம் தவறாம போன் பண்ணுவாருங்கண்ணா. ஆஸ்பத்திரியில இருந்துங்கூடப் பேசினாரு. அந்தப் பஸ் கதையத்தான் நொம்பப் பெருமையாச் சொல்லுவாரு. வழி முச்சூடும் எங்கண்ணன் மடியிலதான் வந்தேன்னு."

"இஸ்திரி கலைஞ்சாலே இவருக்கு ஆகாது, வாந்திக்காரன மடியில போட்டுட்டு வந்திருக்காரு பாரு" என்று நண்பர் என் தோளில் தட்டினார்.

தம்பி எனக்கு போன் செய்வதில்லை. ஏன் என்று நானும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவனைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். இவற்றில் எதையும் அவர்களிடம் சொல்லவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு, குழம்பு நன்றாக இருக்கிறது என்றேன். அவர்கள் என்னை அன்போடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சேராத அந்த அன்பைத் திருப்பிக் கொடுக்க இந்த வயதிலும் எனக்குத் துணிவு வரவில்லை.

என்னைக் காப்பாற்றத்தான் தம்பி அன்று பஸ்ஸில் பொய் சொன்னான் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். தனக்கு யாருமில்லை என்று அவன் சொன்னது உண்மை என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

டொரன்டோவில் சொல்லப்படுவது தவறு. தம்பி என் மடியில் வரவில்லை.