குடைத் துணியில் ஒரு சட்டத்தரணி

நான்காம் வகுப்பில் படித்தபோது, பாடசாலை விளையாட்டுப் போட்டியன்று நடக்கும் வினோத உடைப் போட்டிக்கு என் பெயரையும் டீச்சர் எழுதிக்கொண்டார். நானாகக் கை உயர்த்தியதுதான். முதல் பரிசு ஒரு பாடசாலைப் பை என்று சொல்லியிருந்தார்கள். என் பையின் ஒரு பக்கத்து வாரை அம்மா மூன்று முறை தைத்துப் பார்த்துவிட்டு, நான்காம் முறை ஊக்குக் குத்திக் கொடுத்திருந்தாள்.

அம்மா கொழுந்து பறித்த தேயிலைத் தோட்டம் இரத்தோட்டைக்கு மேலே இருந்தது. பஸ் திரும்பும் இடத்தில் இறங்கி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கு இன்னும் அரை மணி நேரம் ஏற வேண்டும். பாடசாலை கீழே டவுனில். வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர்தான். மற்றவர்கள் கடைக்காரர்களின் பிள்ளைகள், உத்தியோகத்தர்களின் பிள்ளைகள். இளவரசி, தேவதை, மயில் என்று அவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். என் முறை வந்ததும் நான் விழித்தேன். டீச்சர் நல்லவர். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னார்.

"நீ கொழுந்து பறிக்கிற பொண்ணா வா. கூடை, படங்கு எல்லாம் வீட்டுலயே இருக்குமே. ஒரு செலவும் இல்ல."

எனக்கு அது மிகவும் பிடித்துப் போயிற்று. படங்கு என்றால், தேயிலைச் செடி கிழிக்காமலும் பனி நனைக்காமலும் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த சாக்கு. அம்மா இல்லாத நேரங்களில் அதை நான் கட்டிப் பார்த்திருக்கிறேன். இரண்டு கைகளாலும் வேகமாகப் பறித்துத் தோளுக்கு மேலாகக் கூடையில் போடுவதும் எனக்குத் தெரியும். மயிலும் இளவரசியும் என்ன செய்யப் போகிறார்கள், சும்மா நடக்கத்தான் போகிறார்கள். பை எனக்குத்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

அன்று பின்னேரம், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அம்மா, வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அது வேணாம்."

"டீச்சர்தான் சொன்னாங்க."

"டீச்சர் சொல்லட்டும். வேற ஏதாச்சும் போடலாம்."

"வேற எதுக்கும் நம்மகிட்ட சாமான் இல்லையே."

"பாப்போம். குடிக்கத் தண்ணி கொண்டா."

அப்பா என் பக்கம் பேசினார். இருப்பதைக் கட்டிக்கொண்டு போகட்டுமே, உனக்கு ஏன் இன்னொரு வேலை என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அம்மா பதில் சொல்லவில்லை என்றால் பேச்சு முடிந்துவிட்டது என்று பொருள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் குடை திருத்துபவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கம்பி போன குடைகளிலிருந்து கழற்றிய துணி ஏதாவது கிடக்கிறதா என்று அவரிடம் சிங்களத்தில் கேட்டாள். அவர் ஒரு கோணியைக் கிளறி இரண்டு எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்டதற்கு அம்மா சிரித்தாள். கடையில் கறுப்பு நூற்கண்டு ஒன்று வாங்கினாள். முழு வேஷத்துக்கும் அவள் காசு கொடுத்து வாங்கியது அது ஒன்றுதான்.

"லோயர் கவுன் தைக்கப் போறேன்" என்று வரும் வழியில் சொன்னாள்.

சித்தியின் குடும்ப வழக்கு ஒன்றுக்காக அம்மா ஒருமுறை மாத்தளை நீதிமன்றத்துக்குப் போயிருந்தாள். அங்கே கறுப்புக் கவுன் போட்டு வழக்குப் பேசிய ஒரு பெண் சட்டத்தரணியை, அவள் சொல்லும் 'லோயரை'க் கண்டிருக்கிறாள். வழக்கு என்னவாயிற்று என்பதைவிட அந்தப் பெண்ணைப் பற்றித்தான் வந்து அதிகம் சொன்னாள். "அந்தம்மா பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் குறுக்க பேசல." எனக்கோ சட்டத்தரணி என்றால் யாரென்றே சரியாகத் தெரியாது. கூடை போயிற்றே என்ற துக்கத்தில் பஸ் முழுக்க உம்மென்று வந்தேன்.

தைக்கப் பத்து நாட்கள் ஆயின. மலையில் வேலை முடிந்து வந்து, அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்வரை வாசலில் உட்கார்ந்து கையாலேயே தைப்பாள். ஒரு குடையின் துணி நல்ல கறுப்பு. மற்றது வெயிலில் வெளுத்துக் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்திருந்தது. கொழுந்துச் சாயம் ஏறிக் கறுத்த அவள் விரல்களில் வெடிப்புகள் இருந்தன; நூல் அவற்றில் மாட்டிக்கொள்ளும். இரண்டு தையலுக்கு நடுவில் தலை தொங்கிவிடும். விழித்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள். நான் நூல்கூடக் கோத்துக் கொடுக்கவில்லை. இப்போது மாத்தளையில் ஓர் அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு வீடு வந்தால், என் மகளுக்கு வண்ணத்தாள் வெட்டிக் கொடுக்கக்கூட எனக்குக் கை எழுவதில்லை.

கழுத்துக்கு வெள்ளைப் பட்டி அப்பாவின் பழைய வேட்டியிலிருந்து வந்தது. சட்டப் புத்தகத்துக்கு ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் பழைய பேப்பரை அடைத்து, மேலே காக்கித்தாள் ஒட்டினாள். அதில் பெயர் எழுதும் பொறுப்பை அப்பா ஏற்றுக்கொண்டு, பெரிய எழுத்தில் 'சடடம்' என்று எழுதினார். நான் பிழையைக் காட்டியதும், அவர் முதல் 'ட'வின் மேல் அழுத்திப் புள்ளி வைத்ததில் தாள் ஓட்டையாகிவிட்டது.

போட்டியன்று அம்மா வேலைக்குப் போகாமல் என்னுடன் வந்தாள். மைதானத்து மரத்தடியில் பிள்ளைகளுக்கு வேஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். டவுன் மருந்துக்கடைக்காரரின் மகளைக் கண்டதும் நான் நடையை நிறுத்திவிட்டேன். அவள் முதுகில் புத்தம் புதிய சின்னக் கூடை. தலைக்குச் சிவப்புக் கட்டம் போட்ட துணி. இடுப்பில் படங்கு மட்டும் நிற்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. அவளுடைய அம்மா ஊசியும் கையுமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் சுற்றிப் பார்த்தார். அம்மாவைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"நீங்க தோட்டம்தானே? இத கொஞ்சம் கட்டி விடுங்களேன்."

அம்மா ஒரு கணம் நின்றாள். பிறகு போய் முழந்தாளிட்டு, ஒரே இழுப்பில் படங்கை மடித்துச் சுற்றிக் கட்டினாள். தலைத்துணியைச் சரி செய்தாள். கூடைக் கயிற்றை நெற்றியிலிருந்து சற்றுப் பின்னுக்குத் தள்ளி வைத்தாள்.

"இங்க அழுத்துனா தலை வலிக்கும் பாப்பா."

பழைய மழை நாற்றம் அடிக்கும் கவுனுக்குள் வியர்த்துக்கொண்டு, நான் அதைப் பார்த்தபடி நின்றேன்.

ஒவ்வொருவராக மைதானத்தைச் சுற்றி நடந்தோம். அறிவிப்பாளராக இருந்த ஆசிரியர், நாங்கள் 'சேர்' என்று கூப்பிடுபவர், ஒலிவாங்கியில் வேஷங்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது காற்று வீசியது. குடைத் துணி இரண்டு பக்கமும் விரிந்தது. குடை ஓரத்தின் வளைவுகளை அம்மா வெட்டாமல் விட்டிருந்தாள், அந்தக் கூர் முனைகள் படபடவென்று அடித்தன.

"அடுத்ததாக, வௌவால்!" என்றார் சேர்.

மைதானம் முழுக்கச் சிரித்தது. நான் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். புத்தகத்தை உயர்த்திக் காட்டினேன், யாருக்கும் அது தெரியவில்லை. அப்போதுதான் அம்மா, யாரும் தாண்டக்கூடாத வெள்ளைக் கோட்டைத் தாண்டி அறிவிப்பாளரின் மேசையை நோக்கி நடப்பதைக் கண்டேன். ஆசிரியர்கள் முன்னால் குரல் எழும்பாத பெண் அவள்.

"சேர், அது வௌவால் இல்லீங்க. லோயர்."

அவருக்குக் கேட்கவில்லை. அவள் இன்னும் சத்தமாகச் சொன்னாள். ஒலிவாங்கி திறந்தே இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. மறுபடியும் சிரிப்பு, முன்னைவிடப் பெரிதாக. சேர் நல்ல மனிதர், "மன்னிக்கவும், சட்டத்தரணி" என்று திருத்திச் சொன்னார். அம்மா வந்த வழியே மெதுவாகத் திரும்பி நடந்தாள். வௌவால் என்றபோது வந்த வெட்கத்தைவிட, அவள் அங்கே போய் நின்றதுதான் எனக்குப் பெரிய வெட்கமாக இருந்தது.

முதல் பரிசு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு. அச்சு அசலாக இருந்தது என்று நடுவர் பாராட்டினார். பை நீல நிறம். அம்மாவும் கை தட்டினாள். பங்குபற்றிய எல்லோருக்கும் கொடுத்த பிளாஸ்டிக் குவளை ஒன்று எனக்கும் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் எங்களுக்கு இருக்கை கிடைத்தது. கவுனை மடித்து அம்மா மடியில் வைத்திருந்தாள். டவுன் முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கேட்டேன்.

"ஏம்மா அவளுக்குக் கட்டி விட்டீங்க?"

"கேட்டாங்க, கட்டினேன்."

"எனக்கு மட்டும் ஏன் கட்டி விடல? கட்டியிருந்தா எனக்குத்தான் பை."

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மிளகுக் கொடிகள் ஏறிய மரங்கள் போய்க்கொண்டிருந்தன.

"அவளுக்கு அது வேஷம் புள்ள" என்றாள்.

"எனக்கும் வேஷம்தானே?"

அவள் மடியிலிருந்த கவுனை இன்னொரு மடிப்பு மடித்தாள். இரண்டு வளைவு தாண்டுவதற்குள் தூங்கிப் போனாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. பஸ் திரும்பும்போதெல்லாம் அவள் தலை ஜன்னல் கம்பியில் இடித்தது. என் கையை நடுவில் வைத்தால் இடிக்காது என்று தெரிந்தது. எனக்குக் கோபம் தீரவில்லை. தோட்டம் வரும்வரை வைக்கவில்லை.