மேட்டு லயத்துக்குக் கேட்ட பேச்சு

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் இலங்கை மலைநாட்டு அட்டன் கடைத்தெருவில் ஒரு ரேடியோ கடையில் ரிப்பேர் வேலை பார்த்தேன். அக்காவைக் கட்டிக்கொடுத்திருந்தது வட்டவளைப் பக்கத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். மச்சான் அங்கே ஒரு தொழிற்சங்கத்தின் தலைவர். அதே தோட்டத்தில் இன்னொரு சங்கமும் இருந்தது. தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் அதன் ஆட்கள் மேட்டில், மச்சானின் ஆட்கள் கீழே. மலையில் ஒன்றாகக் கொழுந்து பறிப்பார்கள். வீட்டில் சாவு விழுந்தால்கூட ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்க மாட்டார்கள்.

அந்த மழைக்காலத்தில், கொழுந்து நிறுக்கும் இடத்தில் வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை கீழ் லயத்துப் பெண் ஒருத்தியை அறைந்து தள்ளினார். பிள்ளைத்தாய்ச்சி. கல்லில் மோதி விழுந்தாள். பிள்ளை தங்கவில்லை. மேட்டு லயத்துச் சங்கத்தின் தலைவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். தோட்டத்துத் துரை விசாரித்தபோது, "அது தானா வழுக்கி விழுந்திருச்சிங்க தொரை" என்று சொல்லிவிட்டார்.

மச்சான் கூட்டம் போட முடிவு செய்தார். அதற்கு முன் ஒலிபெருக்கிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"மாப்ள, நான் பேசறது நம்ம ஆளுங்களுக்கே வெளங்கல. பானைக்குள்ள தலைய விட்டுப் பேசற மாதிரி இருக்குன்னு ஒங்க அக்காவே சிரிக்கிறா. என்னான்னு பாரு."

திறந்து பார்த்தேன். உள்ளே பெரிய ஸ்பீக்கர் ஒன்று, சின்னது ஒன்று. கனத்த சத்தத்தைத் தடுத்து, கூர்மையான சத்தத்தை மட்டும் சின்னதுக்கு அனுப்புவது இடையிலிருக்கும் கண்டென்சர். காகிதம் சுற்றி மெழுகு பூசிய அது, எங்கள் பக்கத்து ஈரத்தைக் குடித்து ஊறிப்போயிருந்தது. சின்ன ஸ்பீக்கரில் மூச்சே இல்லை. இரண்டாம் உலக யுத்தகாலத்துப் பட்டாள வயர்லெஸ்களிலிருந்து கழற்றிய கண்டென்சர்கள் கடையில் கிடந்தன. தகர உறைக்குள் எண்ணெய் நிரப்பி, ஈயம் வைத்து அடைத்தவை; எந்த மழையும் உள்ளே போகாது. முதலாளியிடம் கேட்டு இரண்டை எடுத்துச் சேர்த்துப் பற்றவைத்தேன்.

ஞாயிறு மாலை, கோயில் முன்னால் கூட்டம். லொறி பேட்டரியில் வயரை மாட்டிவிட்டு நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றேன். மச்சான் வாயைத் திறந்ததும் சகரமும் தகரமும் நறுக்கி வைத்ததுபோல் தனித்தனியாக விழுந்தன. பனி இறங்கி நின்ற அந்த மலையில் குரல் நேரே மேலே ஏறியது. மேட்டு லயத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. பெண்கள் வெளியே வந்து நின்று கேட்டார்கள்.

"அந்தப் புள்ள வழுக்கி விழல. அடிச்சான், விழுந்துச்சு. பாத்துக்கிட்டு நின்ன மனுசன் பொய் சொன்னாரு. அவரு வீட்டுலயும் பொம்பளைங்க இருக்காங்க, கேட்டுக்கிட்டு இருப்பாங்க. கேளுங்கம்மா, ஏன் சொன்னாருன்னு கேளுங்க!"

முதல் கல் மச்சானின் இடது கண்ணில் விழுந்தது. மைக்கோடு சாய்ந்தார். அவர் அலறியது பெட்டி வழியாக மலை முழுக்கக் கேட்டது. மேலிருந்து கம்பும் இரும்பு அலவாங்குமாக இறங்கி வந்தார்கள். ஒருவன் அலவாங்கால் பெட்டியைப் பிளந்தான். நான் குறுக்கே போனேன். தாடையில் அடி விழுந்து, வாய் நிறைய ரத்தமும் பல்லும். பேட்டரி கவிழ்ந்து அமிலம் கொட்டி, அதில் விழுந்த ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு மாடுபோல் கத்தினான். கீழ் லயத்தாரும் சும்மா இல்லை. கையில் அகப்பட்டதை எடுத்து, அகப்பட்டவனை அடித்தார்கள்.

அக்கா தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு ஓடி வந்து மச்சானுக்குக் குறுக்கே நின்றாள். "கிட்ட வாங்கடா, வெட்டிப்புடுவேன்!" வந்தவனை வெட்டவும் செய்தாள். முழங்கைக்குக் கீழே சதை தொங்கியது.

அப்போதுதான் பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணைப் பார்த்தேன். எழுந்து நடக்கவே முடியாமல் இருந்தவள். பிளந்து கிடந்த பெட்டியிலிருந்து ஒரு பலகையை எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் மேட்டு லயத் தலைவரிடம் போனாள். தலையில் அடித்தாள். அவர் விழுந்த பிறகும் அடித்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை, அவருடைய ஆட்கள்கூட.

பொலிஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் அந்தத் தலைவரையும் மச்சானையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டார்கள். மறுநாள், தலையெல்லாம் கட்டோடு கிடந்த அந்தத் தலைவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"இத்தன வருசமா ஒன் மச்சான் என்னென்னமோ பேசியிருக்காரு, ஒண்ணும் காதுல ஏறுனதில்ல. நேத்துதான் எல்லாம் வெளங்குச்சு. எம் பொண்டாட்டி என்னப் பாக்க வரல, தம்பி."

அவர் மனைவி மட்டுமல்ல, மேட்டு லயத்துப் பெண்கள் எல்லாரும் அந்தக் கணக்கப்பிள்ளையின் மலைக்குப் போக மறுத்தார்கள். கீழ் லயத்தாரும் சேர்ந்துகொண்டார்கள். பறிக்க ஆளில்லாமல் கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. துரை மறுபடி விசாரணை வைத்தார். இந்த முறை தலைவர் நடந்ததைச் சொன்னார். கணக்கப்பிள்ளை தோட்டத்தை விட்டுப் போனார்.

கத்தி வீசியதற்காக அக்கா கோர்ட்டுக்கு அலைந்தாள். மச்சானின் கண் போனது போனதுதான். கட்டை அவிழ்த்த அன்று கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லி, வெகுநேரம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடியை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவருக்குச் சோறு பிசைந்து ஊட்டினாள்.