வேறொருத்தியின் பெயரில்

திருகோணமலை ஆஸ்பத்திரியில் அப்பாவோடு நின்றபோது, பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியைச் சந்தித்தேன். நரைத்த தலை, கழுத்தில் சிறிய சிலுவை. ஒவ்வொரு வாய் கஞ்சிக்கும் கணவரின் உதட்டைத் துடைத்துவிடுவார்.

துறைமுகத்தில் வேலை செய்த அந்தக் கணவர், இவரை விட்டுவிட்டு இன்னொருத்தியோடு சீனன்குடாவில் வாழ்ந்தவர். பாரிசவாதம் வந்து பார்வையும் மங்கியதும் அவள் போய்விட்டாள். பார்த்துக்கொள்ள இந்த மனைவி வந்தார்.

“ரீட்டா” என்று கணவர் கூப்பிடும்போதெல்லாம், “ஓம், இஞ்சதான் நிக்கிறன்” என்பார்.

“அது உங்கட பெயரோ?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி, அவளின்ர. நான் எண்டு தெரிஞ்சா வெக்கத்தில சாப்பிடமாட்டார். நோயிலயும் கைவிடமாட்டன் எண்டு கலியாணத்தண்டு கோயில்ல சொன்னனான்.”

ஒரு மத்தியானம் கணவர் இறந்துபோனார். மூச்சு நின்ற பிறகுதான் அந்த மனைவி அவருடைய காதருகே குனிந்து, தன் பெயரைச் சொல்லி அழுதார். அழுகையில் அது எனக்கு விளங்கவில்லை.