கப்பலில் மனைவியைத் தொலைத்தேன்

சேந்தமங்கலத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கிறோம். பண்ணையை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, நானும் மனைவி சாந்தியும் சென்ற ஆண்டு முதன்முறையாகச் சொகுசுக் கப்பலில் சுற்றுலா போனோம்.

இரண்டாம் நாள் மதியம், அவளை லிஃப்ட் அருகே நிற்கச் சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போனேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். நடுக்கடலில் கைப்பேசியும் வேலை செய்யவில்லை. எங்கள் அறை, சாப்பாட்டுக் கூடம், மேல்தளம் என்று ஓடினேன். கம்பியைப் பிடித்துக் கடலையும் எட்டிப் பார்த்தேன்.

தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர், "என்ன கலர் சேலை கட்டியிருந்தாங்க?" என்று கேட்டார். காலையிலிருந்து கூடவே இருந்தவள்தான், ஆனால் சேலையின் நிறம் எனக்கு நினைவில்லை.

"தெரியலீங்க... எப்படியாச்சும் கண்டுபுடிச்சுக் குடுங்க சாமி" என்று கதறிவிட்டேன்.

கப்பலின் மறுகோடியிலும் அதேபோல லிஃப்டுகள் உண்டாம். வழி மாறி வந்தவன் நான்தான். ஊழியர் அங்கே கூட்டிப்போனார். நான் விட்டுப்போன இடத்திலேயே நின்று சாந்தி அழுதுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க, என்னைய உட்டுப்போட்டு எங்க போனீங்க?" என்று சட்டையைப் பிடித்தாள். கட்டியிருந்தது பச்சைச் சேலை.

இப்போதெல்லாம் வெளியூர் கிளம்பினால், முதலில் அவளைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன்.

"கண்ணாலத்துக்குக்கூட இத்தனை போட்டோ புடிக்கலீங்க" என்று சிரிக்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வருவதில்லை.