என் ஜெனரேட்டரில் ஓடாத மெஷின்

நாற்பது வருஷமாகத் திண்டுக்கல்லில் என் விளக்கு எரியாத பெரிய கல்யாணம் கிடையாது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாப்பிள்ளை ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து நடந்தேன். பிறகு ஜெனரேட்டரைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஊர்வலத்துக்குப் பின்னால் போனேன். இன்றைக்குப் பேகம்பூரில் என் குடோனில் நிற்கிற எந்த ஜெனரேட்டருக்கும், சத்தத்தைக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். காலேஜ் படித்த இஞ்சினியர்கள் என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பைபாஸ் பக்கம் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்தபோது, என்னிடமிருந்த ஒரு ஜெனரேட்டரை இனாமாகக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, நானாகக் கொடுத்தேன். ‘உபயம்’ என்று போட்டு, அதைவிடப் பெரிய எழுத்தில் என் பேரை எழுதச் சொன்னேன்.

இறக்கி வைத்த அன்று, அங்கே கரண்டு வேலை பார்ப்பவர் என் காதருகே வந்தார்.

“பாய், இது லைட்டு, ஃபேனு, லிப்ட்டுக்குத் தாங்கும். கதிர் வைக்கிற மிஷினுக்குத் தாங்காது. அதுக்கு இதவிடப் பெருசா வேணும்.”

“ஏலே அப்பு, நீ பொறக்குறதுக்கு முன்னாடியே ஜெனரேட்டரு ஓட்டுனவன் நான். எனக்கே பாடம் எடுக்குறியா?”

ஆஸ்பத்திரி மேனேஜர் சிரித்துக்கொண்டே அவரைக் கையால் ஒதுக்கிவிட்டு, என் தோளில் சால்வையைப் போட்டார். போட்டோ எடுத்தார்கள். எந்த மெஷினுக்கு எவ்வளவு கரண்டு வேண்டும் என்பது அந்த மேனேஜருக்குத் தெரியாதா? தெரியும். இனாமாக வந்ததைத் திருப்பி அனுப்ப மனசு வரவில்லை.

இரண்டு வருஷம் கழித்து என் வீட்டம்மாவுக்குத் தொண்டையில் கட்டி. அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். வாரத்துக்கு ஐந்து நாள், ஏழு வாரம் கதிர் வைக்கவேண்டும், நடுவில் விடக்கூடாது, விட்டால் கட்டி திரும்பத் தலைதூக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். தலை அசையாமல் இருக்க அவள் முகத்துக்கு அளவெடுத்து, வலை போல ஒரு மூடி செய்தார்கள். அதை முகத்தில் வைத்து, படுக்கிற பலகையோடு சேர்த்துப் பூட்டிவிடுவார்கள். முதல் நாள் வெளியே வந்து, “கபுருக்குழிக்குள்ள வச்ச மாதிரி இருக்குங்க” என்றாள். நாலு வாரம் ஒரு நாள் தவறாமல் கூட்டிப்போனேன்.

ஐந்தாவது வாரம் சிறுமலையில் தீ. வருஷா வருஷம் எரிகிற மலைதான், ஊரில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இந்தத் தடவை காற்று எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்ற வண்டிகள்மேல் சாம்பல் படிந்தது. ஏசி வெளியே இருந்த புகையை உள்ளே இழுத்துப் போட்டது. தொண்டை வெந்துபோய் உட்கார்ந்திருந்தவர்கள் இருமி இருமிச் சுருண்டார்கள். ஜன்னலைச் சாத்துவதா திறப்பதா என்று நர்சுகளுக்குள் சண்டை.

காலை பதினோரு மணி இருக்கும். அவள் உள்ளே போய்ச் சற்று நேரத்தில் கரண்டு போனது. அடிவாரத்தில் கம்பிக்குக் கீழேயே தீ வந்துவிட்டதால் லைனை நிறுத்திவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. பத்து எண்ணுவதற்குள் என் ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது, ஃபேன் சுற்றியது, டிவியில் பாட்டு வந்தது.

நான் எழுந்து நின்றேன். “இது யாரு குடுத்த ஜெனரேட்டரு தெரியுமா?” என்றேன்.

ஒட்டன்சத்திரத்திலிருந்து சம்சாரத்தைக் கூட்டிவந்திருந்த விவசாயி ஒருவர், “உங்களுதுங்களா? நல்லாயிருப்பீங்க” என்று கும்பிட்டார். அவருக்கு அந்த ஜெனரேட்டரின் பவுசையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு நேரமும் அவள் உள்ளே முகம் பூட்டிக் கிடந்தாள். மெஷின் ஓடவில்லை. அந்த அறையின் கனத்த கதவும் மெஷினோடு ஒரே லைன், அதுவும் திறக்கவில்லை. கரண்டு இல்லாதபோது கையால் திறக்க ஒரு பிடி உண்டாம். அது எங்கே இருக்கிறது என்று அங்கே வேலையிலிருந்த பெண்ணுக்குத் தெரியவில்லை. ஒருத்தரும் காட்டிக்கொடுத்ததில்லை. நான் அன்றைக்கு வாயை அடைத்தேனே, அந்தக் கரண்டு வேலைக்காரர்தான் ஓடிவந்து திறந்தார்.

முகமெல்லாம் வலையின் அச்சோடு வெளியே வந்தாள். “லைட்டு நல்லாத்தான் எரிஞ்சுச்சு. அதையே பாத்துக்கிட்டுக் கெடந்தேன்” என்றாள்.

தீ அடங்கவில்லை. லைன் வருவதும் போவதுமாக இருந்தது. திடீரென்று நின்றதில் மெஷினுக்குள் ஏதோ கெட்டுப்போய், கம்பெனி ஆள் வரவேண்டும் என்றார்கள். நத்தத்திலிருந்தும் வேடசந்தூரிலிருந்தும் நோயாளிகள் தினமும் காலையில் பஸ் ஏறி, புகையில் வந்து, திரும்பிப் போனார்கள். வரவேண்டாம் என்று ஒரு போன் போட ஆளில்லை.

“ஏனுங்க, நாளைக்காச்சும் மிஷின் ஓடுமாங்க?” என்று ஒட்டன்சத்திரத்துக்காரர் என்னைக் கேட்டார். ஜெனரேட்டர் கொடுத்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டார்.

நான் மேனேஜர் அறைக்குள் போனேன். “இப்புடித் தீ வந்தா இவுங்கள எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும், யாருக்கு போன் போடணும்னு ஒரு தாள்லயாவது எழுதி வச்சிருக்கீகளா?”

“இது யாரும் எதிர்பாராதது பாய்.”

“வருசா வருசம் எரியுது. எங்க மொட்டமாடில நின்னாலே தெரியுது. ஒங்களுக்குத் தெரியலையா?”

“டீ சாப்டுங்க பாய்.”

அவளை மதுரைக்குக் கூட்டிப்போனேன். அங்கே வேறு மெஷின், வேறு கணக்கு. புதிதாக ஸ்கேன் எடுத்து, புதிதாக மூடி செய்து, முதலிலிருந்து கணக்குப் போட ஒரு வாரத்துக்குமேல் ஆகும் என்றார்கள். திரும்பி வந்தோம். மதுரையிலிருந்து பெரிய ஜெனரேட்டராக வரவழைத்து இறக்கட்டுமா என்று அந்தக் கரண்டு வேலைக்காரரிடம் கேட்டேன்.

“எறக்குன ஒடனே ஓடாது பாய். லைனெல்லாம் மாத்தணும்” என்றார். இந்தத் தடவை அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன்.

ஒன்பது நாள் போனது. பத்தாவது நாள் மெஷின் ஓடியது. விட்டுப்போன நாட்களுக்கும் சேர்த்துக் கதிர் வைத்தார்கள். கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. அவள் குரல் போனது போனதுதான். நாலு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தால், கட்டி திரும்பியிருந்தது.

“அந்த ஒம்பது நாளாலதானாம்மா?” என்று டாக்டரம்மாவைக் கேட்டேன்.

“அதனாலதான்னும் சொல்ல முடியாது பாய். இல்லைன்னும் சொல்ல முடியாது.”

இந்த ஒரு பதிலோடுதான் இன்றுவரை சோறு தின்கிறேன். இனிக் குணமாக்குவதற்கு இல்லை, பரவாமல் பிடித்து வைப்பதற்குத்தான் மருந்து என்றார்.

அதை மதுரையில் ஏற்றுகிறோம். முதல் தடவை போனபோது, ஊசி குத்துவதற்கு முன்னாலேயே நர்சைப் பிடித்துக்கொண்டேன். கரண்டு போனால் எது ஓடும், எது ஓடாது, இந்தக் கதவைக் கையால் திறக்க முடியுமா, ஆளை எங்கே அனுப்புவீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீங்க என்ன எலக்ட்ரீசியனா தாத்தா?”

“இல்லம்மா” என்றேன். “கதவக் கையால தெறக்க முடியுமான்னு மட்டும் சொல்லும்மா.”

படுத்திருந்தவள் காற்றாகப் போன குரலில் சொன்னாள்: “கேக்கட்டும் விடும்மா. இப்பத்தான் கேக்கப் பழகிருக்காரு.”