இருபத்திரண்டு பல்

பல்லை எண்ணும்போது ஆதிநாராயணனிடம் யாரும் பேசக்கூடாது. சைக்கிள் பின்சக்கரத்தின் பல்சக்கரமான பிரீவீல் மேல் எண்ணிக்கையை அச்சடித்திருந்தாலும் நம்பமாட்டார். ஒரு பல்லில் சாக்பீஸால் புள்ளி வைத்து, கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வருவார். நடுவில் யாராவது "டைம் இன்னாண்ணா?" என்று கேட்டால் போச்சு, மறுபடியும் முதலிலிருந்து.

ஜமுனாமரத்தூர் சந்தை ஓரத்தில் அவருக்கு சைக்கிள் கடை. அடிவாரத்துக் கடைகளில் எந்த வண்டிக்கும் பின்சக்கரத்தில் பதினெட்டுப் பல்லை மாட்டிக் கொடுத்துவிடுவார்கள். பல் குறைந்தால் சமதரையில் பறக்கும். மலையில்? அதைச் சொன்னாலே இவருக்கு மூக்குக்குமேல் கோபம் வரும். "ஏத்தத்துல உருட்டிக்கினு போறதுக்கு இன்னாத்துக்கு சைக்கிளு? ஆட்டை ஓட்டிக்கினு போலாமே!"

நர்ஸ் சகுந்தலா உருட்டிக்கொண்டுதான் போய்வந்தாள். குழந்தைகளுக்கான சொட்டு மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்து மலைமேல் உள்ள ஊர்களுக்குக் கொண்டுபோகும் வேலை. இரண்டு முறை போய்ச் சேருவதற்குள் ஐஸ் தண்ணீராகி, மருந்தைக் கொட்ட வேண்டியதாயிற்று. களையெடுப்பை விட்டுவிட்டுக் காத்திருந்த தாய்மார்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். இன்னொரு முறை இப்படியானால் ஒருத்தியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டாள். அந்தப் பயத்தோடுதான் கடைக்கு வந்தாள்.

"பொட்டி இன்னா கனம் இருக்கும் நர்சம்மா?" என்றுதான் அவர் முதலில் கேட்டார். அதே கனத்துக்குச் சாமையைக் கோணியில் கட்டி, அவள் சைக்கிள் கேரியரில் வைத்து, தாமே ஏறிக்கொண்டார். தாம் மிதித்துப் பார்க்காத பிரீவீலை யார் தலையிலும் கட்டுவதில்லை என்பது அவர் வைராக்கியம். அடேயப்பா, அந்த மீசையோடு லேடீஸ் சைக்கிளில் அவர் போன அழகைப் பார்த்துச் சந்தையே சிரித்தது. பதினெட்டில் பாதி ஏற்றத்திலேயே காலை ஊன்றிவிட்டார். இருபதில் வளைவு வரைக்கும் போனார். இருபத்திரண்டுக்கு செயின் எட்டவில்லை. இரண்டு கண்ணி சேர்த்தார். இந்த முறை உச்சியில் நின்று மணியடித்தார்.

"சமத்துல மெதுவாத்தாங்க போவும். எவனாச்சும் முந்திக்கினு போனா போவட்டும். நீங்க எறங்காம மிதிங்க."

மறுநாள் அவள் ஓரிடத்திலும் இறங்கவில்லை. வந்திருந்த குழந்தைகள் அத்தனைக்கும் சொட்டு மருந்து கிடைத்தது. வயிற்றில் பால் வார்த்தாரே மனுஷன் என்று நினைத்தபடியே திரும்பிவந்து, நேராகக் கடைமுன் நின்றாள்.

"அண்ணா, உங்க புண்ணியத்துல..." என்று சொல்லிக்கொண்டே பெட்டியைத் திறந்தாள். கரையாமல் மிச்சமிருந்த ஐஸ்கட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

கிரீஸ் கறையோடிருந்த இரு கைகளாலும் அதை வாங்கி, ஆதிநாராயணன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.